ஒன்பதாம் படிக்கு வைத்த பெயர்

கனகசுந்தரம் சார் இறந்த செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. மனுகாவில் நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில், நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒருவரிடம், முதல் லென்ஸ் தெளிவா இரண்டாவது தெளிவா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒன்றுதான் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது போன் அதிர்ந்தது. எங்கள் நுண்சுர வட்டத்தின் தலைவர் ரங்கராஜன் எழுதியிருந்தார். "கனகசுந்தரம் சார் இன்று அதிகாலை இறைவனடி சேர்ந்தார். முப்பத்தொரு சுரங்களும் இன்று மௌனம்." அதற்குக் கீழே கூப்பிய கைகள், ஒரு மெழுகுவர்த்தி, ஒரு சிவப்பு ரோஜா.

ரோஜாவைப் பார்த்ததும் அழுகைக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது. அந்த மனிதர் உயிரோடு இருந்து இதைப் படித்திருந்தால், "அதுகள் எப்ப கதைச்சதுகள், இப்ப மௌனமாகிறதுக்கு?" என்று கேட்டிருப்பார். கேட்பதற்கு ஆள் இல்லை என்ற தைரியத்தில்தான் ரங்கராஜன் எழுதியிருக்கிறார் என்று தோன்றியது. அடுத்தடுத்து முப்பது பேர் அதே ரோஜாவை அனுப்பினார்கள். அவர்களில் பாதிப் பேர் அவர் வாயில் விழுந்து எழுந்தவர்கள். நாற்காலிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பின்னறைக்குப் போனேன்.

நினைவு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்து வீடுகளில் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வருபவர்களுக்கு இப்படி ஒரு மலர் அச்சடித்துக் கொடுப்பது வழக்கம். நான் திருச்சிக்காரி, எனக்கு இது புதிது. இறந்தவர் பண்பாளர், பழகுவதற்கு இனியவர் என்று அதில் எழுத வேண்டுமாம். கனகசுந்தரம் சார் பண்பாளர் இல்லை, பழகுவதற்கு இனியவரும் இல்லை. நாங்கள் குடியேறிய இந்த நகரத்தில் சங்கீதம் பேசுகிற எல்லாரையும் அவர் இளக்காரமாகத்தான் பார்த்தார், என்னையும் சேர்த்து. அவரைத் தெரிந்த உங்களிடம் நான் வேறு மாதிரி எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள்.

வட்டத்துக்கு வெளியே இருந்து வந்து இதைப் படிப்பவர்களுக்காக, நாங்கள் என்ன செய்கிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆர்மோனியத்தில் ஒரு ஸாவிலிருந்து அடுத்த ஸா வரை பன்னிரண்டு கட்டைகள். ஆனால் தொண்டை அந்தப் பன்னிரண்டில் மட்டும் நிற்பதில்லை, இடைவெளிகளிலும் போய் நிற்கிறது. அந்த இடைவெளிகளையும் பிடிக்க, அதே தூரத்தை முப்பத்தொரு சமமான படிகளாகப் பிரித்து, அதற்கென்று ஒரு கீபோர்டு செய்து வைத்திருக்கிறோம். பிளாக்ஹவுஸ் பேயில் ஒரு சமூகக் கூடத்தை வாடகைக்கு எடுத்து, மாதம் ஒரு ஞாயிறு கூடி, அந்தப் படிகளைப் பற்றிச் சண்டை போடுகிறோம். சண்டையில் பெரும்பகுதி, எந்தப் படிக்கு என்ன பெயர் வைப்பது என்பது.

நான் போன முதல் ஞாயிறு ரங்கராஜன் தன்னுடைய பெயர்ப் பட்டியலைத் திரையில் போட்டார். அவர் கிளென்ஃபீல்டில் இருந்துகொண்டு ஐடியில் வேலை பார்ப்பவர். முப்பத்தொரு படிக்கும் பெயர் ரெடி. கீழ், மேல், சம, நடு, மிகு, குறை என்று ஆறு முன்னொட்டுகளை எடுத்து, ஏழு சுரங்களோடு ஒட்டி, சலிக்காமல் உற்பத்தி செய்திருந்தார். மிகு-கீழ்-ரிஷபம், குறை-மேல்-தைவதம். கேட்கும்போது மருந்துக் கடைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கும் தட்ட வேண்டும் போல இருந்தது, ஏனென்றால் அதற்குப் பிறகு சமோசா தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

பின்வரிசையில் ஒல்லியாக ஒருவர் எழுந்தார். மழைக்கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"தம்பி, உந்த ஒன்பதாம் படியின்ர வேலை என்ன?" என்று கேட்டார்.

"வேலைன்னா, சார்? அது எட்டாவதுக்கும் பத்தாவதுக்கும் நடுவுல இருக்கு."

"அது விலாசம். நான் வேலையைக் கேட்டன்."

ரங்கராஜன் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். மழைக்கோட்டுக்காரர் விடவில்லை. சதுச்ருதி ரிஷபமும் சுத்த காந்தாரமும் ஒரே கட்டைதானே, பிறகேன் இரண்டு பெயர் என்று கேட்டார். தானே பதிலும் சொன்னார். பக்கத்தில் சுத்த ரிஷபம் வந்து நின்றால் அந்தக் கட்டை காந்தாரத்தின் வேலையைப் பார்க்க வேண்டியிருக்கிறது, அதனால் காந்தாரம். இல்லாவிட்டால் ரிஷபம். "எங்கட பழைய ஆக்கள் வேலையைப் பாத்துப் பேர் வைச்சவை. நீங்கள் கட்டையைப் பல்லு எண்ணுறமாதிரி எண்ணிப் பேர் வைக்கிறியள்." இப்படிச் சொல்லிவிட்டு, சமோசாவுக்குக் காத்திருக்காமல் போய்விட்டார். பெயர் கனகசுந்தரம், தொலைபேசித் துறையில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர், யாரோடும் ஒத்துப்போகாதவர் என்று பக்கத்தில் இருந்தவர் எனக்குச் சொன்னார்.

நான் வீணை வாசிப்பவள் என்று எப்படியோ விசாரித்து அறிந்து, கனகசுந்தரம் சார் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். அவருடைய வீடும் பிளாக்ஹவுஸ் பேயில்தான், கடைத்தெருவுக்குப் பின்னால். ஹாலில் சோபா இருக்க வேண்டிய இடத்தில் அந்த முப்பத்தொரு படிக் கீபோர்டு இருந்தது. சோபா நடைபாதையில் கிடந்தது. அவர் மனைவி யோகம் அக்கா, நடைபாதையில் சோபாவைச் சுற்றிக்கொண்டு வந்து தேநீர் கொடுத்தார். சார் அக்காவை "இஞ்சாரும்", அதாவது இங்கே பாரும், என்று கூப்பிடுவார். அந்த வீட்டில் நான் கேட்டவரை அக்காவுக்கு வேறு பெயர் இல்லை.

அன்று சார் தன்னுடைய பெயர்களைக் காட்டினார். வாசல், தங்கல், சாய்வு, தாண்டி, காவல். அவ்வளவுதான். பாட்டு எந்தச் சுரத்திலிருந்து தொடங்குகிறதோ அது வாசல். எதில் நின்று இளைப்பாறுகிறதோ அது தங்கல். அடுத்த சுரத்தின் மேல் சாய்ந்துகொண்டே இருப்பது சாய்வு. மிதித்துவிட்டுப் போவது தாண்டி. ஸாவும் பாவும் காவல். மோகனத்தில் அந்தர காந்தாரத்தை அழுத்தி, "இது தங்கல்" என்றார். அதே கட்டையை ஆரபியில் அழுத்தி, "இப்ப தாண்டி. இதில நீங்கள் நிண்டியளெண்டால் ஆரபி செத்துப்போம்" என்றார். எந்தப் படிக்கும் நிரந்தரப் பெயர் கிடையாது. பாட்டில் வேலை இல்லாத படிக்குப் பெயரே கிடையாது.

"சார், அப்போ கீபோர்டுல லேபிள் எப்படி ஒட்டுறது?" என்று கேட்டேன்.

"ஒட்டாதேங்கோ."

"பிள்ளைங்க கத்துக்க வேணாமா?"

"காதால பழகட்டும். உங்கட வீணையில லேபிள் ஒட்டியே இருக்கு?"

இல்லை என்றேன். "எண்டாலும் நீங்கள் ஒண்டும் திறமாய் வாசிக்கிறேல்லை, கேட்டனான்" என்றார். கோவிலில் நான் வாசித்த ஒரு கச்சேரிக்கு வந்திருந்தாராம். பாதியில் எழுந்து போனதையும் அவரே சொன்னார். தேநீரைக் குடிக்காமல் கிளம்பிவிடலாம் என்று பார்த்தேன். யோகம் அக்கா கண்ணால் கெஞ்சினார். அவருக்காக உட்கார்ந்து குடித்தேன். வெளியே வந்து காரில் ஏறி, இந்த ஆளின் முகத்தில் இனி முழிப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

அந்த முடிவு அடுத்த வாரமே போயிற்று. சனிக்கிழமை காலை என் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஒரு கையில் பித்தளைத் துண்டு, மறு கையில் யோகம் அக்காவின் ஹேர் டிரையர். அந்த ஒன்பதாம் படிக்கு ஒரு வேலை இருக்கக்கூடும் என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நட்டநடுவில் இருக்கிற இடம் அது. நம்முடைய சஹானா காந்தாரம் அங்கேதான் போய் நிற்கிறதோ என்று அவர் யோசித்திருக்கிறார். அதற்கு நடுவன் என்று பெயர் வைத்து, வட்டத்துக்கு எழுதியும் அனுப்பிவிட்டார். இப்போது என் வீணையில் அந்த இடத்தில் ஒரு மெட்டு வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டுமாம்.

வீணையின் மெட்டுகள், தந்திக்கு அடியில் குறுக்கே நிற்கும் பித்தளைத் துண்டுகள், மெழுகில் பதிந்திருப்பவை. திருச்சியில் ஒரே ஒருவர்தான் என் வீணையின் மெழுகில் கை வைத்திருக்கிறார், அவரும் கும்பிட்டுவிட்டுத்தான் தொடுவார். இந்த மனிதர் ஹேர் டிரையரை பிளக்கில் செருகினார்.

"சார், இது அநியாயம்."

"ஓம், அநியாயம்தான். பிடியுங்கோ இதை."

ஏன் பிடித்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மெழுகு இளகி வழிந்தது. இரண்டு நல்ல மெட்டுகளுக்கு நடுவில் தன் பித்தளைத் துண்டைச் செருகினார். ஆற விட்டு, ஒரு குட்டிக் கருவியை வைத்துச் சுருதி பார்த்து, மறுபடி சூடாக்கி நகர்த்தினார். மதியம் ஆனது. பிறகு என்னை வாசிக்கச் சொன்னார். சஹானா வாசித்தேன். புது மெட்டு விரலை மறித்தது. நான் கீழ் மெட்டிலிருந்து தந்தியை இழுத்து அந்த இடத்தைக் கடந்து போகிறேனே தவிர, அங்கே நிற்பதில்லை. வேறு ராகம் வாசிக்கச் சொன்னார், பிறகு இன்னொன்று. கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஆட்டாமல், சாயங்காலம் வரை கேட்டார். என் வாசிப்பை அவ்வளவு நேரம் அவ்வளவு கவனமாக வேறு யாரும் கேட்டதில்லை.

"பிள்ளை, நீங்கள் ஒருக்காலும் இதில நிக்கேல்லை" என்றார் கடைசியில்.

"இதைத்தானே சார் நான் காலையிலயே சொன்னேன்."

"நீங்கள் சொன்னது எனக்குத் தேவையில்லை. நான் கேக்கவேணும்."

பித்தளைத் துண்டைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மெழுகில் ஒரு பள்ளம் மிஞ்சியது. மன்னிப்பு எல்லாம் கிடையாது. "உங்கட வீணைக்கு இண்டைக்குத்தான் ஒரு உருப்படியான வேலை கிடைச்சது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, நடுவன் என்று தான் வைத்த பெயரை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். "நான் பிழை விட்டிட்டன். ஒன்பதாம் படிக்கு எங்கட பாட்டில வேலை இல்லை. அரபு நாட்டு ஆக்களிட்ட அதுக்கு நல்ல வேலை இருக்கு. அங்கயே இருக்கட்டும். இஞ்ச அது காலி." இத்தனை வருடங்களில் அந்தக் கூடத்தில் ஒருவர் தான் சொன்னது தப்பு என்று சொல்லி நான் கேட்டது அன்று ஒரு தடவைதான். ரங்கராஜனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஒரு தடவை பேர் குடுத்துட்டு வாபஸ் வாங்க முடியாது சார். சாஃப்ட்வேர்ல ஏத்திட்டோம். காலின்னு விட்டா எர்ரர் அடிக்கும்" என்றார்.

"அடிக்கட்டும். பிழைக்கு அடிக்கத்தானே வேணும்" என்றார் கனகசுந்தரம் சார்.

வட்டம் அவரைப் பொறுத்துக்கொண்டதே தவிர, அநேகமாக ஒரு பேச்சையும் ஏற்கவில்லை. பாட்டுக்குப் பாட்டு மாறுகிற பெயர்களை வட்டம் உருவாக்கிக்கொண்டிருந்த செயலியில் எப்படிப் போடுவது என்று ரங்கராஜன் கேட்டார். அதற்கு யாரும் பதில் தேடவும் இல்லை. அவர் பேச எழுந்தால் டீக்குப் போவார்கள். போனவர்களின் முதுகைப் பார்த்து அவர் பேசி முடிப்பார். அந்த ஆட்களெல்லாம் மனுகா பக்கத்து மண்டபத்தில் நடந்த இறுதிச் சடங்கில் வரிசையாக மைக் பிடித்தார்கள். ஒருவர் அவரை இசைக்கடல் என்றார். இன்னொருவர் அவரோடு எடுத்த செல்ஃபியைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார். செல்ஃபியில் சார் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்ததை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. மூன்றாமவர், தங்கல், சாய்வு என்ற பெயர்களை சாரின் கவித்துவம் என்று பாராட்டினார். கவிதை என்று சொல்லிவிட்டால் பிறகு அதைப் பின்பற்ற வேண்டியதில்லை. இவ்வளவு சுலபமாக ஒருவரைப் புதைக்கலாம் என்பதை அன்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வாசலில் ரங்கராஜன் என்னைப் பிடித்தார்.

"மேடம், முப்பத்தோராம் நாள் அன்னிக்கே நம்ம செயலியை ரிலீஸ் பண்றோம். முப்பத்தொரு சுரம், முப்பத்தோராம் நாள். என்ன ஒரு பொருத்தம் பாருங்க!"

யாழ்ப்பாணத்துக் கிரியைகளை எண்ணி வைத்தவர்கள் இவருடைய கீபோர்டை மனதில் வைத்துத்தான் எண்ணினார்கள் போலும்.

"பேரெல்லாம் நம்ம பட்டியல்படிதான். சாரோட பேருங்க வேணாம், ப்ராக்டிக்கலா வராது. ஆனா அவருக்கு ஒரு மரியாதை செய்யணும் இல்லையா? அதனால ஒரு படிக்கு அவர் பேரையே வெச்சிடறோம். கனகசுந்தர காந்தாரம். ஒன்பதாவது படி. அவர் காலின்னு சொன்னதனால அங்கதான் இடம் இருக்கு."

ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்க, வேலை இல்லாத படிக்குப் பெயர் வைக்காதே என்று கத்தியிருக்கிறார். தான் வைத்த ஒரு பெயரையே எல்லார் முன்னாலும் திரும்ப எடுத்திருக்கிறார். அவருடைய பெயர்களை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, அவர் பெயரை அதே காலிப் படியில் ஒட்டப் போகிறார்கள். இதைவிட அவரை அவமானப்படுத்த, அவரை வெறுக்கிற ஒருவன் உட்கார்ந்து யோசித்திருந்தாலும் முடியாது. இவர்களுக்கோ அவர் மேல் வெறுப்புக்கூட இல்லை, அன்பாம்.

செயலியில் தமிழ்ப் பெயர்களைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. என் சம்மதம் இல்லாமல் புதிதாக ஒரு பெயர் ஏறாது. அது வட்டத்தின் விதி, கனகசுந்தரம் சார் சண்டை போட்டு வாங்கிய ஒரே விதி. "முடியாது" என்று ரங்கராஜனிடம் சொன்னேன்.

"அவங்க மிஸஸ்கிட்டயே கேட்டாச்சு மேடம். ரொம்ப சந்தோஷப்பட்டாங்க."

நான் நம்பவில்லை. துக்கத்தில் இருக்கிற ஒரு பெண்ணிடம் போய் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். அவரையே வேண்டாம் என்று சொல்ல வைத்துவிட்டால் ரங்கராஜனின் வாய் அடைந்துவிடும். சார் எதற்காக எல்லாரையும் பகைத்துக்கொண்டாரோ, அதில் மிச்சம் இருப்பது இந்த ஒரு தடைதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிளாக்ஹவுஸ் பேக்குப் போனேன்.

கதவைத் திறந்தவள் மகள் தர்ஷினி. "அம்மா இஸ் இன் த கிச்சன், ஆன்ட்டி" என்றாள். சோபா இன்னும் நடைபாதையில்தான் கிடந்தது. ஹாலில் கீபோர்டுக்கு மேலே சாரின் படம் மாட்டி மாலை போட்டிருந்தார்கள். படத்திலும் யாரையோ திட்டத் தொடங்குகிற முகம்தான். கீபோர்டைக் குனிந்து பார்த்தேன். ரங்கராஜன் முந்திக்கொண்டுவிட்டார். ஒன்பதாம் கட்டையில் பளபளவென்று ஒரு லேபிள், தங்க நிற எழுத்தில் கனகசுந்தரம். அந்தக் கீபோர்டில் வேறெங்கும் லேபிளே கிடையாது. சார் ஒட்ட விட்டதில்லை. நகத்தால் அதன் ஓரத்தைச் சுரண்டத் தொடங்கினேன்.

"விடும் பிள்ளை" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. யோகம் அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, இதை நீங்க ஒத்துக்கக் கூடாது. இது சாருக்குப் பண்ற கேலி. அவரே காலின்னு சொன்ன இடம் இது."

"ஓம், தெரியும்."

"தெரிஞ்சா சரின்னு சொன்னீங்க?"

அக்கா கீபோர்டின் முன்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். அந்த ஸ்டூலில் அவரை நான் பார்த்ததே இல்லை.

"நான் அவரின்ர பேரை ஒருநாளும் சொன்னதில்லை, பிள்ளை. எங்கட ஊரில பெண்சாதி சொல்லுறேல்லை. இஞ்ச வந்து இவ்வளவு காலமாச்சு, எண்டாலும் வாய் வராது. ஆஸ்பத்திரியில நேர்ஸ் பேர் கேட்டா நான் மகளின்ர முகத்தைப் பாப்பன். அவளும் பேசுவாள், ஜஸ்ட் சே இட் அம்மா எண்டு. சொல்லேலாது. அவர் போன அண்டைக்கு, கடைசியா ஒருக்காச் சொல்லிக் கூப்பிடுவம் எண்டு பாத்தன். அப்பவும் வரேல்லை."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையமர்த்தினார்.

"அந்தத் தம்பி வந்து இதை ஒட்டிப்போட்டுப் போனார். நான் வேண்டாமெண்டு சொல்லத்தான் நினைச்சன். அடுத்தநாள் காலமை விளக்கேத்திப்போட்டு வந்து, சும்மா ஒருக்கா அமத்திப் பாத்தன். சத்தம் வந்தது. இப்ப ஒவ்வொரு நாளும் அமத்துறன். அமத்திப்போட்டுத்தான் போய்த் தேத்தண்ணி போடுவன்."

அக்கா விரலை வைத்து ஒன்பதாம் கட்டையை அழுத்தினார். சாதாரண காந்தாரமும் இல்லை, அந்தர காந்தாரமும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், எந்த ராகத்திலும் சேராத ஒரு ஒலி, அவர் விரலை எடுக்கும் வரை நின்றது.

"அவர் உங்கள் எல்லாரோடயும் சண்டை பிடிச்சதெல்லாம் எனக்குக் குசினிக்க கேட்டது" என்றார். "வேலை இருந்தாத்தான் பேர் வைக்கலாம் எண்டு. இதுக்கு இப்ப வேலை இருக்குத்தானே, பிள்ளை?"

பதில் சொல்ல நான் நிறைய யோசித்தேன். அது பாட்டு இல்லையே என்று சொல்லலாம். ஒரு வீட்டில் ஒருவர் காலையில் அழுத்துவதை வைத்துச் சுரத்துக்கு வேலை கற்பிக்க முடியாது என்று சொல்லலாம். ரங்கராஜனிடமாக இருந்தால் சொல்லியிருப்பேன், இன்னும் மோசமாகவும் சொல்லியிருப்பேன். பாதி பிய்ந்திருந்த லேபிளின் ஓரத்தை விரலால் அழுத்தி, திரும்ப ஒட்ட வைத்தேன். அக்கா எழுந்து தேநீர் போடப் போனார்.

அன்று மாலை ரங்கராஜனுக்குச் சம்மதம் என்று எழுதினேன். "உங்களுக்கும் இதோட அழகு புரிஞ்சிடுச்சு மேடம்" என்று பதில் வந்தது, கூடவே ஒரு ரோஜா. அவருக்கு ஒன்றும் புரியவில்லை, இதைப் படித்த பிறகும் புரியாது என்றே நினைக்கிறேன். மற்ற முப்பது பெயர்களும் எப்போதும் போல மருந்துக் கடைப் பெயர்களாகவே வெளிவருகின்றன. அவற்றின் மேல் எனக்கு இருக்கும் கருத்தை அவரிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். இங்கே இதை எழுதுவதற்கு மட்டும் யோகம் அக்காவிடம் கேட்டுக்கொண்டேன். "அவரும் இருந்தா இதை எழுதச் சொல்லியிருப்பார், ஆனா பிழை பிடிச்சிருப்பார்" என்றார்.

கனகசுந்தரம் சாரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அவருடைய இளக்காரத்தை. வேறு யாரும் அதைக் கேட்டு வரப் போவதில்லை என்பதால் போட்டி இல்லை. ஆனால் அதை அவர் வைத்திருந்த விதத்தில்தான் வைத்துக்கொள்ள வேண்டும், அது எனக்குச் சுலபமாக வராது. அவர் எதையும் சாயங்காலம் வரை கேட்டுவிட்டுத்தான் இகழ்வார். கேட்டதில் தன் பக்கம் தப்பு என்று தெரிந்தால், எல்லார் முன்னாலும் எழுந்து நின்று தன்னையும் அதே குரலில் இகழ்வார். நான் கேட்டுவிட்டேன் சார். ஒன்பதாம் படி காலி இல்லை. பிளாக்ஹவுஸ் பேயில் தினமும் காலையில், விளக்கு ஏற்றிய பிறகு, தேநீருக்கு முன்னால் அதற்கு வேலை இருக்கிறது. அதன் பெயர் கனகசுந்தரம்.